மாதாவைக் கூட்டிப்போக வந்தவர்

எங்கள் சித்தப்பாவைப் போல உருக்கமாகச் செபமாலை சொல்லக்கூடிய ஒருவரை மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கண்டதில்லை. அவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் வயதான பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். பூசையில் வாசகம் வாசிப்பது அவர், பாட்டுக் குழுவை நடத்துவது அவர், ஒக்டோபர் மாதத்தில் மாதா சொரூபத்தை வாரம் ஒரு வீடாகத் தன் காரில் கொண்டுபோய் வைப்பதும் அவர்தான். அவ்வளவு பக்தியான மனிதரின் மனைவி, என் அம்மாவின் தங்கை, ஏன் எங்கள் அப்பார்ட்மெண்டில் வந்து என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிறார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி கோடைகாலத்தில் ஒரு தோள்பையோடு வந்தார். வெயில் கொளுத்திய அன்றும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். "படியில விழுந்திட்டன்" என்றார். படியில் விழுந்தவருக்குக் கழுத்தில் எப்படிக் கன்றியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படுக்கப்போகும் முன் என் படிப்பு மேசையை இழுத்து அறைக் கதவோடு நெருக்கி வைப்பார். அது ஏதோ விளையாட்டு என்று நானும் சேர்ந்து சந்தோஷமாகத் தள்ளுவேன். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. திரும்பி வரும் வழியில் முனையிலிருந்த டெப்பனர் கடையில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவார். அவர் எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

கோயிலில் வேறு ஆசைகள் இருந்தன. பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொள்வார்கள். "புருஷன் பெண்சாதி எண்டால் பிரச்சினை வராதோ? ஆண்டவர் சேர்த்துவச்சதை நீங்கள் வீட்டில வச்சுப் பிரிக்கலாமோ?" என்று மிகுந்த அன்போடு கேட்பார்கள். அடித்தவரிடம் போய் ஒருவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பாட்டுக் குழுவோடு உள்ளே ஒத்திகையில் இருந்தார்.

ஒக்டோபர் வந்தபோது எங்கள் வீட்டுக்கு மாதா வருவதில் தடங்கல் ஏற்பட்டது. பிரச்சினை உள்ள வீட்டுக்கு மாதாவை எப்படி அனுப்புவது என்று கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் கோயில் சபையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருக்கு மானம் போய்விட்டது. பிறகு யாரோடு என்ன பேசினாரோ, மாதத்தின் கடைசி வாரம் எங்களுக்குக் கிடைத்தது. எந்த நிபந்தனையின் பேரில் கிடைத்தது என்று எனக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது.

சித்தி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சித்தப்பா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பெரிய பெட்டி டிவியின்மேல் விரித்த நீலப்பட்டில் மாதா நின்றார். மாதா தங்கும் வீட்டில் இறைச்சி சமைக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, முக்கியமாக ஒருவரும் குரல் உயர்த்திப் பேசக் கூடாது. அந்த வாரம் அம்மாவும் அப்பாவும்கூடச் சண்டை பிடிக்கவில்லை. சித்தி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நிற்பார். என்ன மன்றாடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்னைத் திருப்பி அனுப்பாமல் இஞ்சையே வச்சிருக்கவேணும் எண்டு" என்றார்.

கடைசி நாள் மாலை, மாதாவைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோகச் சித்தப்பா வந்தார். வீடு நிறையச் சனம். செபமாலையை அவரே சொன்னார். நடுவில் குரல் தழுதழுத்தது. எல்லாம் முடிந்ததும் அப்பா எழும்பினார். "மாதா எங்கட வீட்டில ஒரு கிழமை இருந்தவ. வெறுங்கையோட போகக் கூடாது. இவை ரெண்டு பேரும் அவவுக்கு முன்னால சமாதானமாப் போகவேணும்" என்றார்.

சித்தப்பா கைகூப்பிக்கொண்டு சித்தியின் பக்கம் திரும்பினார். "நான் என்ன பிழை விட்டிருந்தாலும் மன்னிச்சுக்கொள்ளும்."

சித்தி அம்மாவின் காதோடு, "அக்கா, நான் போகேல்லை" என்றார். பக்கத்திலிருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. மாதா நிற்கும் வீடல்லவா, அவரும் குரல் உயர்த்தவில்லை.

"மாதாவுக்கு முன்னால அப்பிடிச் சொல்லாதை" என்றார் அம்மா. அதற்குள் யாரோ பாட்டுத் தொடங்கிவிட்டார்கள். சித்தியின் தோள்பை வாசலில் தயாராக இருந்தது. அதை அம்மா காலையிலேயே அடுக்கி வைத்திருந்தார். என் அம்மாவை இதற்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கோ, சுற்றியிருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிப்பதைப் பார்த்து, மாதா செய்கிற புதுமை, அற்புதம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எல்லோரும் பாடிக்கொண்டே கீழே போனோம். சித்தப்பா மாதாவை முன் ஆசனத்தில் இருத்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அடிபடாதபடி பெல்ட்டும் போட்டுவிட்டார். சித்தி பின்னால் ஏறினார். ஏறியவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் வாறியோ செல்லம்? இண்டைக்கு மட்டும்."

நான் கார்க் கதவைப் பிடித்துவிட்டேன். "நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்று அம்மா என் கையை இழுத்தார். நின்றவர்கள், பிள்ளையில் என்ன பாசம் என்று சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. "ஒரு நாள்தானே அக்கா. விடியக் கொண்டுவந்து விடுறன். ஒரு நாள்தானே" என்றார்.

கார் போய்விட்டது. என்னைப் பிரியச் சித்திக்கு மனமில்லை என்று எனக்கு ஒரே பெருமை. பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அன்றைக்காவது சித்தப்பா கை நீட்டமாட்டார் என்று நினைத்துத்தான் சித்தி கெஞ்சியிருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடிய வயதிலிருந்தவர்கள் எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட மேலே ஏறிப் போனார்கள்.