வயிற்றுக்குள் படிந்த திருநீறு

நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் தொடங்கியபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டராக இருந்தேன். எண்பதுகளின் கடைசி. வேளைக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர் என்றார் டிரைவர். டீதான் காரணம் என்றார், எனக்குத் தினமும் டீ விற்றவரே. எல்லாருக்கும் தலையாட்டி வைத்தேன். என் பயம் வேறு. அப்பாவுக்கும் இதே இடத்தில்தான் எரிந்தது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், களையெடுத்துக்கொண்டிருந்தவர் ரத்த வாந்தி எடுத்து, அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். வயிற்றில் புற்று என்று ஊரே முடிவு கட்டியது. அப்பா செத்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். சாவுக்குப் பயந்தேன், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். டியூப் விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார்கள். அந்தக் கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நான் எச்சில் விழுங்கவே யோசித்தேன்.

ஞாயிறு காலை என் பஸ்ஸிலேயே பயணியாக உட்கார்ந்து மனைவியோடு போனேன். அவள் வெள்ளிக்கிழமையே திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்திருந்தாள். கிளினிக் வராந்தாவில் பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் பூசினாள். பிறகு வழக்கம்போல் வாயில் போட எடுத்தாள். வழக்கமாக ஒரு சிட்டிகைதான். அன்று அவள் பயத்தில் பாதிப் பொட்டலத்தையே அள்ளிவிட்டாள்.

"வாயத் தொறங்க. தொணைக்கு உள்ள போவட்டும்" என்றாள். தொண்டை அடைத்தது. எப்படியோ விழுங்கிவிட்டேன். அது சாப்பாட்டில் சேருமென்று இருவருக்குமே தோன்றவில்லை.

உள்ளே தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள். நாக்கு என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கிடையே ஒரு வளையத்தைக் கொடுத்து, விரல் தடிமனில் கறுப்பாக ஒன்றை உள்ளே இறக்கினார் டாக்டர். குமட்டியது. கண்ணில் நீர் கொட்டியது. மறுமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்து அவர் பார்த்தார். என் வயிற்றில் இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகம் சுருங்கியது. குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது என்று நர்ஸிடம் முணுமுணுத்தார். அப்பாவின் வாந்தி, கொல்லை மண், எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். வாயில் குழாயோடு என்ன சொல்வது? நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். தலைவலியா என்றார்.

நர்ஸ் வெளியே போய் மனைவியைக் கேட்டாள். திறந்த கதவு வழியாக மனைவியின் குரல் கேட்டது. "சாப்ட ஒண்ணுமே குடுக்கலைங்க. துண்ணூறுதான் குடுத்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. குழாய் வழியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். அடியில் வயிறு முழுக்கச் சிவந்து வெந்திருந்ததாம். இரண்டு இடத்தில் துளி சதை கிள்ளி எடுத்து, புற்றா என்று பார்க்க மெட்ராஸுக்கு அனுப்பினார். அடுத்த ஞாயிறுவரை நான் டிக்கெட் கிழித்தேன், விசில் ஊதினேன். ஆனால் எந்த ஊர் வந்தது, யார் இறங்கினார்கள் என்று எதுவும் மனதில் ஏறவில்லை.

ஞாயிறன்று டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதற்கே எனக்குப் பயம்.

"புத்து இல்லைங்க. வயித்துல ஒரு கிருமி இருக்கு. இப்பதான் புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க. மாத்திரையில சரியாப் போயிடும்."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அப்பாவைப் பற்றிச் சொல்லி, அவருக்கும் இதுவாக இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம், உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் முண்டியம்பாக்கம் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நல்ல சேதிதானே வந்திருக்கு, எதுக்கு அழறீங்க என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். நான் மாத்திரைக் கவரை இறுக்கிப் பிடித்திருந்தேன்; அப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.

"மாத்திரையில போயிடுமாம்" என்றேன்.