புறங்கையால் தொட்டுப் பார்ப்பவர்

கணினியின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார் அண்ணி. எதிரே நிற்பவர் இன்னும் கதையை முடிக்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு மேடம், நான் ஒண்ணுமே பண்ணல" என்கிற இடத்தில் இருக்கிறார். இந்தக் கடைக்கு வருகிற எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அண்ணி கையை நகர்த்தி, பின்பக்கம் காற்று வெளியேறும் வலையின் முன்னால் கொஞ்சம் நிறுத்தி, எடுத்துவிடுகிறார். "வச்சிட்டுப் போங்க, பாக்கிறேன்." அந்தக் குரலில் அதட்டலும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. களைப்பு உண்டு. காலையில் கடை திறக்கும்போதே அது இருக்கும்.

ஏன் உள்ளங்கையால் தொடுவதில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "உள்ளங்கை வேலை செஞ்சு செஞ்சு மரத்துப் போச்சு சார். புறங்கைக்குத்தான் இன்னும் சொரணை இருக்கு" என்றார்.

கணினி சேர்த்துக் கொடுத்து, பழுதும் பார்க்கிற கடை. இரண்டே அறை. முன்னறையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் கொழுந்தன், பின்னறையில் வேலை மேசையில் அண்ணி. நடுவே கதவு வைக்க நினைத்து வைக்காமல் விட்ட திறப்பு. கடையை ஆரம்பித்த கணவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஆண்டில் பாதி நாள் தண்ணீர்மேல். கொழுந்தன் முன்னறையிலிருந்து "அண்ணீ!" என்று கத்திக் கத்தி, மாடியில் இருக்கும் தையல்காரருக்கும் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். வயதில் மூத்தவனான எனக்கும் அண்ணிதான். நான் அச்சுப் பிழை திருத்துகிறவன். என் பழைய கணினி அங்கே நிரந்தர நோயாளி. அதை விசாரிக்கப் போகிற சாக்கில் பின்னறையில் ஒரு முக்காலியை எனக்கென்று பிடித்து வைத்திருக்கிறேன். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, நீங்க ஏன் சார் காயிறீங்க?" என்று கொழுந்தன் கேட்பான். பழமொழியில் வரும் எலிப்புழுக்கையை மரியாதைக்காக விழுங்கிவிடுவான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை பிழைப்பதற்கு அண்ணி உழைக்கிறார். யார் என்ன கேட்டாலும் அவனிடம் ஒரே பதில். "நாளைக்கே ரெடி சார், அண்ணி பாத்துப்பாங்க." உள்ளேயிருந்து குரல் வரும்: "அண்ணிக்கு ரெண்டு கைதான் தம்பி." "உங்க கை ராசியான கை அண்ணி!" "ராசி இருக்கு. வலியும் இருக்கு." இந்த உரையாடலை நான் வாரம் தவறாமல் கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாறியதில்லை.

அண்ணிக்கு ஒரே ஒரு சிரிப்பு உண்டு, அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். வேலை மேசைக்கு மேலே ஒரு பழைய அட்டை. பழுது பார்த்தபோது கணினிகளுக்குள் கண்டெடுத்த சாமான்கள் அதில் ஒட்டியிருக்கும். விசிறியில் சிக்கிய தலைமுடிக் கிளிப். அதன் கீழே "வக்கீல்" என்று எழுதியிருக்கிறது. பென்டிரைவ் செருகும் துளையில் யாரோ திணித்த அழிரப்பர் துண்டு, கீழே "கண் டாக்டர்". நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடிக் காகிதம். பிராசசர் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலருக்கு அடியில், புதிதாக வரும்போது, இப்படி ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிக்காமல் மாட்டிவிட்டு, "கம்பெனி மோசடி" என்று சண்டைக்கு வந்தவரின் காகிதம் அது. கீழே "காலேஜ் வாத்தியார்". பெயர் எழுதினால் வம்பு, அதனால் தொழில் மட்டும். தப்புச் செய்துவிட்டோமே என்று தவிக்கிறவர்களை அண்ணி அந்த அட்டைமுன் நிறுத்துவார். "இதெல்லாம் பாருங்க. நீங்க எவ்வளவோ தேவலை."

வாத்தியார் கதையைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மலரும். "அதுல பெருசா எழுதியிருக்கும் சார், 'உரிச்சிட்டு மாட்டு'ன்னு. படிக்கிறவங்களுக்குத்தான் அது கண்ணுல படாது."

இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு புது நோய். திரை மூலையில் வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டுகிற நிரலைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பது. தன் ரத்த அழுத்தம் என்னவென்று தெரியாதவர்கூட பிராசசரின் வோல்டேஜை மனப்பாடமாகச் சொல்கிறார். "ஒண்ணு புள்ளி நாலு காட்டுது மேடம், வெந்துடுமா?" அண்ணி பெருமூச்சு விடுவார். "புதுசெல்லாம் அப்படித்தாங்க. சும்மா இருக்கும்போது ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் தானா அடங்கும். மதர்போர்டு இருக்கே, அதை அது இஷ்டத்துக்கு விட்டா கேட்டதுக்கு மேல அள்ளிக் கொடுக்கும். கொஞ்சம் கையைப் பிடிச்சு வச்சா போதும்." அதைத்தான் அவர் நாளெல்லாம் செய்கிறார். வோல்டேஜை ஒரு இம்மி குறைப்பது, சோதனை ஓட்டுவது, காத்திருப்பது, இன்னும் ஒரு இம்மி குறைப்பது. காத்திருக்கிற நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார். விசிறியின் சத்தம் மாறினால் கண் திறக்கும்.

சென்ற மாதம் வரைபடக்காரர் வந்தார். கட்டடங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கொடுக்கிறவர். அலுவலக வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்வதற்காக அண்ணியிடம் புதுக் கணினி சேர்த்து வாங்கியவர். முதல் பெரிய வேலை கிடைத்திருந்தது. படத்தைப் பாதி வரைவதற்குள் வெப்பம் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டு, கணினி ஊர்ந்து, கடைசியில் அணைந்துவிடுகிறது. "மனைவி ஒண்ணும் சொல்லல அக்கா. சொல்லாம இருக்கிறதுதான் பயமா இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படம் தருவாரா மாட்டாரா என்று அந்த நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அன்று நான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணி அந்தக் கணினியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேராகத் திரைமுன் உட்கார்ந்தார். "தொடலையா?" என்றேன். "இது நான் கோத்ததுதானே சார். இதுல என்ன இருக்கப்போவுது? செட்டிங்லதான் ஏதோ" என்றார்.

செட்டிங்கில் எல்லாம் செய்தார். வோல்டேஜைக் குறைத்தார், வெப்பம் இரண்டு டிகிரி இறங்கி மறுபடி ஏறியது. இன்னும் குறைத்தார், திரை நீலமாகிச் செத்தது. வோல்டேஜைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மதர்போர்டின் நிரலைப் புதுப்பித்தார். விசிறிகளின் வேகத்தைக் கூட்டினார்; பின்னறையில் பேசுவது காதில் விழாமல் போனது, வெப்பம் அசையவில்லை. நடுவில் மூத்த மகள் கைபேசியில் கூப்பிட்டாள். தங்கை கோபித்துக்கொண்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். "திறக்கச் சொல்லாத. விடு, சூடு தணியட்டும்" என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுலயும் இதே வேலைதான் சார்" என்றார். சிரிக்க நினைத்தார், சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்கே எழுந்து போய் அவருடைய மேசை விளக்கை அணைத்துவிடலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்தன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வரைபடக்காரர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். "பிராசசரே பழுது சார். எங்க தப்பு இல்ல, கம்பெனியில வரும்போதே அப்படி. அனுப்பினா புதுசு தருவாங்க, ரெண்டு வாரம் ஆகும்." அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை. கைபேசியைக் கையில் எடுத்தார், யாரையும் கூப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பிராசசரைக் கழற்றுவதற்காக அண்ணி கணினியின் பக்கத் தகட்டை எடுத்தார். சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்திவிட்டு அணைக்கவேண்டும். உள்ளே ஒரு வயரை ஒதுக்கக் கையை விட்டவர், அப்படியே நின்றுவிட்டார். புறங்கை கூலரின் தகடுகள்மேல் பட்டிருந்தது.

"சார், இங்க வாங்க. தொடுங்க."

தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. திரையில் தொண்ணூற்றைந்து.

"உள்ள கொதிக்குது. மேல சில்லுனு இருக்கு. சூடு ஏறியே வரல" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. அணைத்தார். ஆறும்வரை கூடக் காத்திருக்காமல் நான்கு திருகுகளையும் கழற்றிக் கூலரைத் தூக்கிக் கவிழ்த்தார். சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பசைக்கு அடியில், ஓரம் சுருங்கி, கண்ணாடிக் காகிதம். அதில் எழுதியிருந்தது வெந்துபோயும் படிக்க முடிந்தது. உரித்துவிட்டு மாட்டவும்.

எனக்குத் தலை தன்னால் சுவர் அட்டைப் பக்கம் திரும்பியது. கட்டுப்படுத்திக்கொண்டேன்.

கொழுந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்ததுமே புரிந்துகொண்டான், இருபது பேரிடம் அந்த வாத்தியார் கதையைச் சொன்னவன் ஆயிற்றே. திறப்பை முதுகால் மறைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினான்.

"அண்ணி, அதைக் கசக்கிப் போடுங்க. மாட்டிக் கொடுத்துடலாம். பிராசசரைச் சரி பண்ணிட்டோம்னு சொல்லிக்கிறேன். அவருக்குச் சந்தோஷம்தானே?"

அண்ணி கூலரை விளக்கின் பக்கம் திருப்பினார்.

"கடை பேரு என்ன ஆகும்? அண்ணன் கேட்டா என்ன சொல்றது? இதைக் கோத்த அன்னிக்கு ஒரே நாள்ல அத்தனை மிஷினுக்கும் வாக்குக் கொடுத்து உங்களை விரட்டினது நான்தானே. என் தப்புன்னே வச்சுக்கோங்க."

"விரட்டினது நீ தம்பி. உரிக்காதது நான்."

அவ்வளவுதான் பேச்சு. காகிதத்தை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்தார். கூலரின் அடியைத் துடைத்தார். பிராசசரைத் துடைத்தார். புதுப் பசை வைத்து, கூலரை உட்காரவைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கினார். வோல்டேஜ் செட்டிங்குகளை எல்லாம் பழையபடி, கம்பெனி கொடுத்த இடத்துக்கே கொண்டுபோனார். சோதனையை ஓட்டினார். அறுபத்தெட்டில் போய் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. சோதனையை நிறுத்தியதும் வோல்டேஜ் ஒன்று புள்ளி நான்குக்கு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. "இத்தனை நாளா இதைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன், பாவம்" என்றார். கூலர்மேல் புறங்கையை வைத்தார். இப்போது சுட்டிருக்க வேண்டும். கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது.

பிறகு முன்னறைக்குப் போனார். நானும் எழுந்து திறப்பில் நின்றேன். கண்ணாடி மேசைமேல் அந்தக் காகிதத்தை விரித்து வைத்தார்.

"உங்க பிராசசர்ல ஒரு குறையும் இல்ல. இதை உரிக்காம மாட்டிட்டேன். நான்தான் மாட்டினேன். கடைசி வரைக்கும் கழட்டியே பாக்கல. மன்னிச்சிடுங்க."

வரைபடக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று கொழுந்தன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கா அக்கா நான் தூங்காம கிடந்தேன்?"

"இதுக்குத்தான்."

"இப்ப ஓடுமா?"

"ஓடும். இங்கயே உங்க படத்தை ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார். "தர்றேன் சார், கண்டிப்பா தர்றேன்" என்று அவர் சொல்வது கேட்டது. திரும்பி வந்தவர் அண்ணியிடம் நன்றி சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லைதான். பின்னறைக்கு வந்து என் முக்காலியில் உட்கார்ந்து, படத்தைத் திறந்து ஓடவிட்டு, திரையை முறைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டேன்.

படம் பாதியைத் தாண்டியது. அணையவில்லை. அவர் தோள் இறங்கியது. அப்போதுதான் சுவரில் இருந்த அட்டை அவர் கண்ணில் பட்டது. கிளிப், அழிரப்பர், வாத்தியாரின் காகிதம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்.

அவருக்குப் பின்னாலிருந்து அண்ணி வந்தார். கையில் பசை ஒட்டிய அந்தக் காகிதம். வாத்தியாரின் காகிதத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து அதை ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையும் அழுத்தினார். பேனாவைத் திறந்தார். தொழிலை எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். "அண்ணி" என்று எழுதினார்.