ஐந்து வயதில் மணமுடித்த உபதேசியார்

அந்த வியாழக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஆயரம்மா, மேரி டீச்சர், எஸ்தர், சலோமி அக்கா, பொருளாளராகிய நான். ஆக ஐந்து பேர். வரவேண்டியவர் ஒருவர். சலோமி அக்காவின் கணவரும் நம் சபையின் உபதேசியாருமான ஞானமுத்து ஐயா அன்றைக்கு வசனம் எடுத்துப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றரை மணிக்குக் கூட்டம் என்றால் மூன்று இருபதுக்கே வாசலில் அவருடைய சைக்கிள் மணி கேட்கும். நாலு மணியாகியும் கேட்கவில்லை.

என் போன் அடித்தது. பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்திலிருந்து குமார் என்கிற மீனவத் தம்பி. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எக்கா, உங்க ஐயரு எங்க ஊட்லதான் இருக்காரு. அம்மாவுக்குக் கால் நகம் வெட்டிட்டு, கை கழுவினு வந்து உக்காந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாருக்கா. டாக்டரு வந்து பாத்துட்டு, உயிரு இல்லன்னுட்டாரு."

சலோமி அக்கா போனை வாங்கினார். "தம்பி, பையில டிபன் டப்பா இருக்கும். தொறந்து பாரு. துன்னாரா?"

"துன்ட்டாரும்மா. காலியாத்தான் இருக்குது."

"சரிப்பா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார் அக்கா.

நம் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயர் எட்டாத குக்கிராமங்களுக்குப் போய் ஜெபம் நடத்துவதும் நோயாளிகளைப் பார்ப்பதும் உபதேசியாரின் வேலை. முப்பத்தெட்டு வயது வரை அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர் ஞானமுத்து ஐயா. அதன் பிறகு முப்பத்தாறு வருஷம் இந்த ஊழியம். மாதந்தோறும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து, சபை ஒரு பங்கு சேர்த்து, ஓய்வூதிய நிதிக்குக் கட்டுவார்கள். அறுபதில் ஓய்வு, அதற்குப் பிறகு பென்ஷன், அவர் காலத்துக்குப் பின் மனைவிக்குப் பாதி. இதுதான் ஏற்பாடு.

ஐந்து வருஷத்துக்கு முன் அந்த நிதிக்குப் பணம் கட்டுபவர்களின் பட்டியலை நகல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். பால் கணக்கு எழுதி எழுதித்தான் கணக்கு கற்றேன். ஆனால் ஓர் எண் தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பட்டியலில் ஐயாவுக்கு வயது ஐம்பத்துமூன்று என்றிருந்தது. சலோமி அக்காவோ அதற்கு முந்தின வாரம்தான், "வர்ற தை வந்தா இவருக்கு எழுவது" என்று சொல்லியிருந்தார்.

தேடிப் பார்த்தேன். ஐயா பிறந்த ஊரில் யாருக்கும் பிறந்த தேதி எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. பதினாறாவது வயதில், தாயோடும் இன்னும் சில குடும்பங்களோடும் ஏரியில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார். அவர் பெயர் ஏறிய முதல் காகிதம் அந்தச் சான்றிதழ்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அதையே கொடுத்தார். அதிலிருந்த ஒரே தேதியை எடுத்துப் பிறந்த தேதி என்று யாரோ எழுதிவிட்டார்கள். பதினாறு வருஷம் குறைந்துபோனது.

ஓடிப்போய்ச் சொன்னேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அறுபது தாண்டி ஒம்பது வருஷமாச்சு! உங்களுக்குத் தெரியாதா?"

"ஆபீஸ்ல போதும்னு சொல்லல லில்லிம்மா. நானும் கேக்கல."

"இப்ப திருத்திடலாம்."

"திருத்தினா அடுத்த மாசமே உக்கார வெச்சிடுவாங்க. பதினோரு ஊட்டுக்கு யாரு போறது? ஆள போடட்டும். அன்னிக்கே திருத்து."

"அக்காவ நெனச்சீங்களா?"

"கட்டின காசு எங்க போயிடும்? ஆபீஸ்லயும் மனுசங்கதான இருக்காங்க."

எனக்கு மனசு ஆறவில்லை. அப்படி என்ன பதினோரு வீடு என்று ஒரு வியாழக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து அவர் பின்னாலேயே போனேன். குமாரின் தாய் பொன்னியம்மா பக்கவாதத்தில் படுத்திருப்பவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல; தலைமாட்டில் பெரியபாளையத்து அம்மன் படம் இருந்தது. ஐயா அவர் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினார்.

"ஐயரே, இன்னிக்காச்சும் சதையோட வெட்டாத" என்றார் பொன்னியம்மா குழறலாக.

"போன வாரம் ஆடின கால ஆட்டாம இரு, வெட்டல."

எனக்குக் கூச்சமாக இருந்தது. "இது உபதேசியார் வேலையாங்கய்யா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இதுக்கு வேற ஆளு போட்டிருக்காங்களா?"

அறுபத்தொன்பது வயது மனுஷர், எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்து குனிந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் இயேசு சீஷர்களின் பாதம் கழுவிய வேதப் பகுதியை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தத் தப்பான எண்ணை அதன்பின் நான் தொடவில்லை. ஆளையும் யாரும் போடவில்லை. எழுபத்துநாலு வயது வரை போய்வந்தார். இறந்த அன்று ஏட்டில் அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

இப்போது சலோமி அக்காவின் பென்ஷன் மனு திரும்பி வந்திருக்கிறது. திருமணச் சான்றிதழின் தேதியை ஏட்டிலுள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட்டால் மணமகனுக்கு அன்று வயது ஐந்து ஆகிறது, விளக்கம் தேவை என்று எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன். ஐயா போனபின் அக்கா முதன்முதலாகச் சிரித்தார். "அஞ்சு வயசுலயா என்னக் கட்டினாரு மனுசன்? அப்பவே தெரிஞ்சிருந்தா இடுப்புல தூக்கினு வந்திருப்பேனே!" சிரித்து முடித்தபின், "வாடகைக்கு இன்னா பண்றது லில்லி?" என்றார்.

கமிட்டியில் ஒருவர், "அப்போ பதினாலு வருசம் விதிய மீறி வேல செஞ்சிருக்காரே" என்றார். "அந்தப் பதினாலு வருசத்துல நீங்க ஒரு தடவயாவது அந்தக் குப்பத்துக்குப் போனீங்களா?" என்று ஆயரம்மா கேட்டார்.

நான் அன்றே திருத்தியிருந்தால் அக்காவுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. பதினோரு வீடும் அன்றே நின்றிருக்கும். எது சரி என்று இன்றுவரை என்னால் கூட்டிக் கழிக்க முடியவில்லை. அவருடைய நகவெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் குமார் கொண்டுவந்து கொடுத்தான். அதை அக்கா என்னிடம் தந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், வியாழக்கிழமைக் காலையும்தான். சதையோடு வெட்டுவதாகப் பொன்னியம்மா என்னையும் திட்டுகிறார்.

ஐயாவின் உண்மை வயதை அறிந்த இருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏட்டைத் திருத்துவதாகப் பென்ஷன் ஆபீஸில் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் மனுஷர்கள்தான். ஐயா சொன்னது பொய்யில்லை. ஞானஸ்நானத்தன்று அவரோடு ஏரியில் இறங்கியவர்களோ, கரையில் நின்று பார்த்தவர்களோ இதை வாசித்தால், அன்று அவர் பதினாறு வயதுப் பையன் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நம் சபை அலுவலகத்தில் கொடுங்கள். அக்கா அடுத்த மாத வாடகைக்குக் காத்திருக்கிறார். பதிலைச் சீக்கிரம் தாருங்கள்.