சப்தமியன்று அக்காவுக்கு வேலை

நான் முதன்முதலாகப் போட்ட கால அட்டவணையில், கான்கிரீட் கொட்டி இறுகிய பிறகுதான் பள்ளம் தோண்டும் வேலை தொடங்குவதாக இருந்தது. அதைப் பெரிய தாளில் அச்சிட்டு, நாற்காலியில் ஏறி அலுவலகச் சுவரில் நானே ஒட்டினேன். அது பல நாள் தொங்கியது. போகிற வருகிறவர்கள் பாராட்டினார்கள். இப்போது கொல்கத்தாவில், திட்டமிடும் மென்பொருளில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்களுக்கு அதன் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. என்னை நானே கிண்டல் செய்துகொண்டால் வகுப்பு தூங்காது. அதற்கு வேண்டிய அசட்டுத்தனங்களுக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் சொல்வதில்லை. அதைச் சிரிப்பாக மாற்றப் பலமுறை முயன்றும் வரவில்லை.

ஹவுராவில் உள்ள சாந்த்ராகாச்சி ரயில் சரக்கு யார்டில் புதிய சிக்னல் கேபிள் பதிக்கும் வேலையை அப்போது நான் இருந்த நிறுவனம் எடுத்திருந்தது. அட்டவணை என் பொறுப்பு. பதித்த கேபிளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் தீதி; எனக்கு அக்கா. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் பேசுவார், வங்காளத்தில் கோபப்படுவார். அந்த வருஷம் அவருடைய பாடாவில், அதாவது பேட்டையில், தெருக்காரர்கள் கூடி நடத்தும் துர்கா பூஜையில், சப்தமியன்று போடும் நாடகத்தில் அவருக்குக் கதாநாயகி வேடம் கிடைத்திருந்தது. சிறு வயதிலிருந்து அந்த மேடையில் பணிப்பெண்ணாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் மட்டுமே வந்துபோனவர். “மதராஸிப் பொண்ணு வாயில வங்காளம் நிக்காதுன்னு ஒரு கிழம் சொல்லிண்டே இருந்தது. இப்ப அதே கிழம்தான் என் பேரைச் சொல்லியிருக்கு” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மதிய உணவு வேளையில் என்னைத் துரோகியான புருஷனாக எதிரே உட்காரவைத்து வசனம் பேசிப் பழகுவார். என் வங்காளம் அரைகுறை. திட்டுகிறார் என்பது மட்டும் புரியும். மீன் குழம்பும் சோறுமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். “நடிப்பு வரதேடா உனக்கு” என்பார்.

“சப்தமிக்கு என் லீவை இப்பவே போட்டுடு. மறந்துட்டேன்னு வந்து நின்னே, கொன்னுடுவேன்.”

“உங்க கேலண்டர்லயே ஏத்திட்டேன்கா. இனிமே கம்ப்யூட்டர் உங்களைத் தொடாது.”

உண்மையிலேயே ஏற்றியிருந்தேன். அந்த மென்பொருளில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி நாட்காட்டி உண்டு. அக்கா இல்லாத நாளில் சோதனை நடக்க முடியாது என்று கண்டுகொண்டு, அது சோதனையைப் பூஜைக்குப் பின்னால் தள்ளியது. வேலையை ஒப்படைக்கும் தேதி கெடுவைத் தாண்டியது; திரையில் அந்த வேலைக்கான பட்டை சிவப்பானது. மறுநாள் வாடிக்கையாளருடன் கூட்டம். மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “இந்தச் சிவப்பை எடுத்துடு” என்றார். எடுக்க முடியாது, அது உள்ளதைத்தான் காட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ வித்தை காட்ட ஆசை. அந்த வேலையைத் திறந்து உள்ளே போனால், பலருக்கும் தெரியாத ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: ஆட்களின் நாட்காட்டியைப் பொருட்படுத்தாதே. அதில் ஒரு டிக் போட்டேன். சிவப்பு நீலமானது. சோதனை நேராகப் போய்ச் சப்தமியில் உட்கார்ந்தது. அக்காவின் விடுப்பு நாட்காட்டியில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்காதே என்ற உத்தரவும் பக்கத்திலேயே இருந்தது. மேலாளர் என் தோளைத் தட்டினார். கூட்டம் முடிந்ததும் டிக்கை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கூட்டத்திலேயே அட்டவணைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. சூட்டோடு சூடாக, சப்தமியன்று யார்டில் வண்டிகளை நிறுத்த ரயில்வேயிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு டிக்கை எடுப்பதென்றால், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஜோக் சொல்ல எழுந்து நிற்கிற கால்கள் இதற்கு எழவில்லை.

அட்டவணையின் பிரதி கைக்கு வந்ததும் அக்கா நேரே என் மேஜைக்கு வந்தார். “என்னடா இது, சப்தமிக்கு என் பேர் இருக்கு?” மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “தெரியலக்கா. சாஃப்ட்வேர் அப்படிப் போட்டிருக்கு.” அக்கா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். “ஓ” என்றார். வங்காளத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சப்தமியன்று அவர் ஹெல்மெட்டோடு தண்டவாளங்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து கேபிளைச் சோதித்தார். எங்கிருந்தோ கொட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவருடைய வேடத்தை வேறொரு பெண் போட்டு, நல்ல பேர் வாங்கினாள். அடுத்தடுத்த வருஷங்களிலும் கதாநாயகி அவள்தான். ஒரு பூஜைக்கு அந்தப் பந்தலில் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். திரை ஓரத்தில் நின்று அக்கா வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்தவளுக்கு எல்லாம் மனப்பாடம். எடுத்துக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அக்காவின் உதடுகள் ஒவ்வொரு வரியிலும் அவளுக்கு ஒரு சொல் முன்னால் போய்க்கொண்டிருந்தன. பாதியில் எழுந்து வந்து, வாசலில் எக் ரோல் வாங்கித் தின்றேன். கோழைக்கும் பசிக்கத்தான் செய்கிறது.

அண்மையில் வகுப்பில் அந்தக் கட்டத்தைக் காட்டியபோது, சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் கேட்டாள்: “லீவுல இருக்கிற ஆளு தலையில வேலையைக் கட்டறதுக்கு ஒரு டிக்கா? எந்த மடையன் சார் இதைப் போடுவான்?” வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அன்று மாலை ஹவுராவுக்குப் போகும் படகில் நின்றபடி, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: “அக்கா, அன்னைக்கு சாஃப்ட்வேர் ஒண்ணும் பண்ணல. உங்க லீவைப் பார்க்காதேன்னு அதுகிட்ட சொன்னதே நான்தான்.” கடைசியில் ஒரு ஜோக்கும் சேர்த்தேன்; பிறகு அழித்துவிட்டு அனுப்பினேன். படகு அக்கரையைத் தொட்டபோது பதில் வந்தது.

“சாஃப்ட்வேர் மேல எனக்கு என்னிக்குமே கோபம் இருந்ததில்ல.”