லைட்டுப் பெட்டியும் லீலிப்பூவும்

பின்வாசல் துவைகல்லில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நனைத்த செய்தித்தாளால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள் சாலோமி. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கீழ்ப்பாதியைத் துடைத்துவிட்டு, மேல்பாதிக்காகக் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டடிக்கு ஒன்றரையடி இருக்கும். அவள் கணவர் ஞானசிகாமணி பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் வாழ்த்து மடல் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மடலைப் பூச்சி அரித்துவிட்டது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மடல என்னட்டி செஞ்சே?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"பூச்சி மிச்சம் வச்சதச் சுருட்டி அலமாரி மேல வச்சிருக்கேன்."

பாளையங்கோட்டையில் சாலோமியின் கைவேலை இல்லாத கிறிஸ்தவ வீடு அவர்கள் தெருவில் குறைவு. ஞானஸ்நான உடுப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, இப்போது கல்யாண ரவிக்கை. களக்காட்டில் ஒரு கம்பவுண்டருக்கு மகளாகப் பிறந்து, தையல் பரீட்சை எழுதி, இருபத்திரண்டு வயதில் டிராயிங் மாஸ்டருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருடமாக ஜன்னல்தான் அவளுக்கு வேலை மேசை. காகிதத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, மேலே துணியைப் பிடித்து, பின்னால் இருந்து வரும் வெயிலில் தெரிகிற கோட்டைப் பென்சிலால் ஒத்தியெடுப்பாள். காலையில் கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு ஜன்னல். மழைக்காலத்தில் வேலை இல்லை. கையைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் தோள்பட்டை இறுகிவிட்டது. இனிமேல் ஜன்னல் பக்கம் போகவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றுதான் பெட்டி யோசனை வந்தது. வெயில் பக்கத்தில் நாம் நிற்பதற்குப் பதிலாக, வெயிலை ஒரு பெட்டிக்குள் போட்டு மேசையில் வைத்துக்கொண்டால் என்ன?

கால் ஒடிந்த மேசை ஒன்றின் இழுப்பறையை எடுத்துக்கொண்டாள். உள்ளே கிறிஸ்துமஸுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைச் சாயத்தைப் பூசினாள். முதலில் ஒரு குண்டு பல்பை மாட்டிப் பார்த்ததில் கண்ணாடி தோசைக்கல்லாகக் காய்ந்தது. அப்புறம்தான் வயரிங் வேலை பார்க்கிற பேச்சிராஜைக் கூப்பிட்டாள். அவன் ஓரடி நீள எல்இடி டியூப் இரண்டை அடியில் பொருத்தி, பக்கத்தில் காற்றுக்கு நாலு துளை போட்டான்.

"என்னக்கா இது, பேக்கரியில பப்ஸ் வைக்கிற பெட்டி கணக்கால்லா இருக்கு."

"உனக்கு ஒண்ணு வச்சித் தாரேன். மொதல்ல வயரப் பைய இழு."

"சார் எம்புட்டு படம் வரையுதவரு. அவருட்டச் சொன்னா கையாலயே துணியில போட்டுக் குடுத்துருவாருல்லா?"

சாலோமி பட்டர் பேப்பரைக் கத்தரித்துக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாள். அது இல்லாவிட்டால் டியூப் கண்ணைக் கூசும். சுவிட்சைப் போட்டதும் இழுப்பறை முழுக்க ஒரே சீராகப் பால் நிறத்தில் வெளிச்சம் நிறைந்தது. "கைய ஊனிராதிய. படத்துக்குப் போடுத கண்ணாடி, பாரம் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் பேச்சிராஜ் போனான்.

ஞானசிகாமணி அறை வாசலில் நின்று பார்த்தார். "ஒத்தியெடுக்கதுக்கு ஒரு மெஷினு" என்றார்.

ஒத்தியெடுப்பது அவருக்கு ஆகாது. வகுப்பில் பிள்ளைகளின் படத்தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பென்சில் அழுத்திய தடம் தெரிந்தால் அங்கேயே இரண்டாகக் கிழிப்பார். ஒத்துகிறவனும் களவாணியும் ஒன்று என்பார். மனைவி ஜன்னலில் நின்று ஒத்துவதைப் பார்த்துக்கொண்டே, வந்த விருந்தாளியிடம், "அவளுக்குக் கை ஓடும், கண் ஓடாது" என்று சொல்லிச் சிரிப்பார். விருந்தாளியும் சிரிப்பார். சாலோமி காப்பி கொண்டுவருவாள்.

அவருக்கு ஊரில் லீலி சார் என்று பெயர். சபையின் நூற்றைம்பதாவது வருடப் பண்டிகைக்கு, ஆலயப் பீடத்தில் விரிக்கிற பீடத்துணிக்கு வடிவம் கேட்டுப் போட்டி வைத்தபோது, அவர் வரைந்த லீலிப்பூதான் தேறியது. மூன்று பூ, ஐந்து இலை. அதில் ஓர் இலை மட்டும் பாதியில் உள்பக்கமாக மடங்கியிருக்கும். தேவனுக்கு முன் தாழ்மை என்றால் அந்த இலையைப் பாருங்கள் என்று அன்றைக்கு இருந்த குருவானவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பண்டிகைச் சிறப்பு மலரில் அச்சடித்தார்கள். வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

மடங்கிய இலையைச் சாலோமி பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கல்யாணமான புதிதில் அவளாக வரைந்து, தங்கள் தலையணை உறைக்குத் தைத்த பூ அது. "நம்ம உறையில உள்ளதுல்லா?" என்று கேட்டபோது, "அதப் பாத்துத்தான் எனக்கு எண்ணம் வந்துது" என்றார். "ஆனா பாக்கது வேற, வரையுதது வேற."

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கைக்குழந்தையோடு களக்காட்டிலிருந்து வந்து இறங்கிய நேரம். தான் இல்லாத மூன்று மாதமும் மனுஷன் தலை வைத்துப் படுத்த உறையைக் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வராத எத்தனையோ வருடங்களை அந்த நினைப்பை வைத்தே ஓட்டியிருக்கிறாள்.

பழைய பீடத்துணி நைந்துபோயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வீட்டுக்கு வந்தாள் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ரீபா.

"சார், அதே லீலிதான் வேணும்னு கமிட்டியில சொல்லிட்டாவ. அந்த மடங்குன இலை இல்லாம நம்ம சபையில பீடத்துணியா? அக்கா தச்சிரட்டும். ஓரத்துல சின்னதா, வடிவம் இன்னாருன்னு உங்க பேரையும் போட்டுரலாம். பிரதிஷ்டை அன்னைக்குச் சபையில வாசிப்போம்."

"பேரெல்லாம் என்னத்துக்கும்மா" என்றார் ஞானசிகாமணி. மறுநாள் காலையிலேயே டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் உறைக்குள் சுருட்டியிருந்த மூலப்படத்தை எடுத்து வெளியே வைத்தார். இப்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்குகிறது. புதிதாக ஒரு கோடு இழுக்க முடியாது. அதை அவரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை.

கண்ணாடியை மாட்டி முடித்த அன்று மத்தியானம், சாப்பிட்ட பாத்திரங்களை ஒதுங்கவைத்துவிட்டுச் சாலோமி பெட்டிமுன் உட்கார்ந்தாள். மூலப்படத்தை விரித்து நாலு மூலையிலும் பாரம் வைத்தாள். துணியை மேலே போடுவதற்கு முன், கோடு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டாள்.

கோடு தெரிந்தது. கோட்டின் மேலேயே, வரிசை பிசகாமல், பொடிப்பொடியாக வெளிச்சமும் தெரிந்தது.

முதலில் பூச்சி என்று நினைத்தாள். பூச்சி இப்படி இதழ் இதழாக, காம்பு காம்பாக அரிக்காது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள். லேசாகச் சொரசொரத்தது. கரண்டி முதுகால் தேய்த்துத் தட்டையாக்கிய தடம் அங்கங்கே பளபளத்தது. ஊசிப் பெட்டியிலிருந்து ஏழாம் நம்பர் ஊசியை எடுத்து ஒரு துளையில் விட்டாள். அளவாக இறங்கியது.

அது அவளுடைய வழி. கெட்டித் துணிக்கு ஜன்னல் வெளிச்சம் எடுபடாது. அப்போது வடிவத்தாளில் கோடு நெடுகக் குத்தி, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து இறக்குவாள். தலையணை உறைப் பூவை அப்படித்தான் இறக்கினாள். அந்த வடிவத்தாளை அவள் பிரசவத்துக்குக் களக்காட்டுக்குப் போகும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போனாள். அதை எடுத்து இந்தத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தி, துளையெல்லாம் மறையும்படி மையைப் போட்டிருக்கிறார். மேலே வர்ணம். பின்னால் வெளிச்சம் இல்லாமல் யாருக்குத் தெரியும்?

உறையில் அந்த ஐந்தாவது இலை வரும் இடத்தில் பித்தான் பட்டி வந்தது. இலையை நீட்ட இடம் இல்லை. அதனால்தான் மடக்கி வரைந்தாள். தாழ்மையாவது ஒன்றாவது. குருவானவர் பாவம், முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்.

பார்த்து வரைந்திருந்தால்கூட அவளுக்குச் சம்மதம்தான். திருடியதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். பார்க்கவே இல்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் இலை ஏன் மடங்குகிறது என்று கேட்டிருப்பார்.

அழுகை வரவில்லை. துணியைப் படத்தின் மேல் விரித்துப் பென்சிலைக் கூராக்கினாள். மூன்று பூவையும் ஒத்தினாள். நாலு இலையை ஒத்தினாள். ஐந்தாவது இலைக்கு வந்ததும், கீழே தெரிந்த கோட்டை விட்டுவிட்டு, அதன் போக்கில் நீளமாக, நுனிவரை இழுத்தாள்.

மத்தியானத் தூக்கம் கலைந்து ஞானசிகாமணி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, இலைய ஏன் நிமித்துனே? அதுதான சபைக்கே அடையாளம்."

"பீடத்துணியில பித்தான் பட்டி கிடையாதுல்லா" என்றாள் சாலோமி.

துணியை மெதுவாக ஒரு பக்கமாகச் சுருட்டினாள். மூலப்படம் வெளியே வந்தது, அத்தனை துளையோடும். அவர் பார்த்தார். கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"அணைக்காதிய."

கை நின்றது.

"நான் அங்கன பிள்ளை பெத்துக் கிடக்கேன். நீங்க இங்கன என் தாள வச்சி ஊசியால குத்திருக்கிய. பாத்து வரைஞ்சேன்னு எங்கிட்டயே சொன்னிய."

"குத்துனாப் போதுமா? மை போட்டது யாரு? வர்ணம் குடுத்தது யாரு?" என்றார். குரல் வகுப்புக் குரலாக ஏறியது. "லீலிப்பூ என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"

"எத்தன பிள்ளையளுக்குப் படத்தாளக் கிழிச்சிருப்பிய."

அவர் குரலைத் தாழ்த்தி, "ரீபாட்டச் சொல்லப்போறியா?" என்றார்.

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? நான் தைக்கிறவ." துணியின் ஓரத்தை வெளிச்சத்துக்கு மேலே இழுத்துச் சமப்படுத்தினாள். பென்சிலை எடுத்துக்கொண்டாள். "வடிவம்னு எழுதிட்டு ஒரு பேரு போடணும்னு ரீபா சொல்லிட்டுப் போயிருக்கா. யார் பேரப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க. நீங்க எதச் சொல்லுதியளோ அதத் தச்சிருதேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதை மடக்கிச் சட்டைப்பையில் போட இரண்டு தடவை முயன்றார். சாலோமி பென்சில் முனையைத் துணியில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கேன்."

அவர் கதவுத் திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.