வலப்பக்கத்து அறை

திருவண்ணாமலையில் அதுவரை கப்பலேறியது மானம் ஒன்றுதான். கடல் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு டிவியில் புயல் செய்தி சொல்லும்போது பின்னால் காட்டுவது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து தொண்ணூற்றாறில் இளவரசன் கப்பல் வேலைக்குப் போனான். கேட்டரிங் படித்திருந்தான். வெளிநாட்டு உல்லாசக் கப்பலின் சமையல் கட்டில் வேலை. அவனுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றியவள் அவன் அம்மா திரௌபதி. ஆகவே அந்த உத்தியோகத்தை அண்ணாமலையாரே பார்த்துக் கொடுத்தார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை.

வீடு ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில். மாடியில் அறைகள் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தியானம் செய்ய வந்தவர்களுக்குக் காலையில் இட்லி வேக வைப்பது திரௌபதியின் பாடு. அவள் வீட்டுக்காரர் தசரதன் பஸ் கண்டக்டர். கீழ்பென்னாத்தூர் வண்டியில் காலம் முழுக்க விசில் ஊதியவர். பெண் வினோதினி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரம் மார்கழியில் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுத்தவள் வினோதினி. கப்பல் ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது இளவரசன் கடலில் விழுந்துவிட்டான், தேடினோம், கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். அவ்வளவுதான் விஷயம். வினோதினி அழுதுகொண்டே வந்து சொன்னபோது திரௌபதி கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். பிறகு மாவை வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து, மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அதை எதிர்வீட்டுத் தங்கம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்தால் சும்மா இருப்பாளா? "பெத்த வயிறா அது, கருங்கல்லு" என்று ரேஷன் கடை வரிசை வரைக்கும் செய்தி போய்விட்டது.

கருங்கல் என்று சொன்னதில் திரௌபதிக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் வரவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க ஆகிவிட்டது. கிள்ளினால் தெரியாது. அழவேண்டும் என்று அவளே உட்கார்ந்து பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

தசரதனின் தம்பி அர்ஜுனன் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கருமாதிக்கு நாள் குறிக்க வேண்டுமாம். திரௌபதி எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

"கடல்ல வுழுந்துட்டான்னு சொன்னாங்க. செத்துட்டான்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"அண்ணி, நடுக்கடல்ல வுழுந்தா வேற இன்னா ஆவும்?"

"நடுக்கடல் இல்ல. தீவுக்குப் பக்கத்துல."

இந்தப் 'பக்கத்துல' என்ற ஒரு சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். கடல்காரர்கள் சொல்லும் பக்கம் வேறு, செங்கம் ரோட்டுப் பக்கம் வேறு என்று வினோதினி எத்தனையோ தரம் எடுத்துச் சொன்னாள். திரௌபதி காதில் அது ஏறவில்லை. பக்கம் என்றால் பக்கம்தான். விழுந்தவன் கரையேறியிருப்பான். தீவில் எங்கோ இருக்கிறான். போன் கிடையாது, பஸ் கிடையாது, அதனால் வரவில்லை. இதை அவள் ஒருவரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. சொன்னால் வாதாடுவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அர்ஜுனன் வருவார். தசரதனும் சேர்ந்துகொள்வார். "அவனுக்குச் செய்யவேண்டியத செஞ்சிடலாம் திரௌபதி. ஊரு ஒரு மாதிரி பேசுது" என்பார். "வேணாம்" என்பாள். அதோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்துவிடும். பெரிதாக்கி மாட்டிய இளவரசனின் போட்டோவுக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. பௌர்ணமிக்கு மட்டும் தவறாமல் மலையைச் சுற்றினாள். முன்பெல்லாம் அந்த மகனுக்காக வேண்டிக்கொண்டு நடந்தவள், இப்போது எதையும் கேட்காமல் நடந்தாள். கால் நடந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்து தீபம் முடிந்த கையோடு சென்னையிலிருந்து அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் பேசினார். தங்கள் கப்பல்கள் இப்போது கொச்சியிலிருந்தும் கிளம்புகின்றன, இளவரசனின் பெற்றோர் விருந்தாளிகளாக எதில் வேண்டுமானாலும் வரலாம் என்றார். செய்த பாவத்துக்குப் பரிகாரமா, புது வியாபாரத்துக்குத் திருஷ்டி கழிப்பா, தெரியவில்லை. வழவழவென்று இரண்டு புத்தகங்கள் தபாலில் வந்தன.

வினோதினி படித்துச் சொன்னாள். அவள் அதற்குள் கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராகியிருந்தாள். முதல் கப்பல் புத்தம் புதுசு. தெரு அகலத்துக்கு மாடிப்படி, லிஃப்ட், நீச்சல் குளம், சினிமா கொட்டகை எல்லாம் உண்டு. கோவா, மும்பை என்று ஊர் ஊராகப் போகும். இன்னொன்று பழசு. வினோதினி பிறப்பதற்கு முன்பே கட்டியது. சின்னது. அறைகளும் சின்னது. சினிமா கிடையாது.

"பெரிசுலயே போலாம்மா. ரூம்ல டிவிகூட இருக்குது," என்றாள்.

"அந்தப் பழசு எங்க போவுது?"

"மாலத்தீவு, கொழும்பு. நடுவுல ஒரு தீவு இருக்குதாம். யாரும் எறங்க முடியாதாம், பறவைங்க மட்டும்தானாம். கப்பல் சின்னதுங்கறதால கிட்ட போயி ஒரு சுத்து சுத்திக் காமிப்பாங்களாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் தீவின் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். போனில் சொன்ன அதே பெயர்.

"அதுல போடு," என்றாள் திரௌபதி.

தசரதன் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் ரூமு வலது கைப் பக்கமா கேளு."

"ஏம்மா?"

"சுத்தும்போது தீவு வலது கைப் பக்கம்தானே இருக்கும்? ஜன்னலத் தொறந்தா தெரியணும்."

"எந்தப் பக்கமா சுத்தும்னு இதுல போடலியேம்மா."

"அத வேற போடுவாங்களா? எவனாச்சும் இடமா சுத்துவானா?"

மலையை வலமாகவே சுற்றிச் சுற்றி வளர்ந்த ஊர். வினோதினிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலப்பக்கத்து அறை என்று எழுதிக் கேட்டாள். கொடுத்தார்கள்.

தை பிறந்து கொச்சியில் கப்பலேறினார்கள். வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே பழைய பெயிண்ட் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வராந்தாவில் டீசல் வாடை. படிகள் செங்குத்தாக இருந்தன. பெரிய கப்பல் ஒன்று எதிரே நின்றது. அதன் நிழலில் இவர்கள் கப்பல் ஷேர் ஆட்டோ மாதிரி இருந்தது. தசரதனுக்கு மட்டும் கொஞ்சம் முகம் சுருங்கியது. திரௌபதிக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

அவர்கள் அறையைப் பெருக்கித் துடைத்தவர் சுப்பிரமணி. தூத்துக்குடிக்காரர். நரைத்த மீசை. தமிழ்க் குரல் கேட்டதும் தனியாக ரசம் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போல. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல மனுஷன்.

கப்பல் ஆடத் தொடங்கியதும் தசரதன் படுத்துவிட்டார். வாழ்க்கை முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த மனுஷர், எழுந்து உட்கார முடியவில்லை. திரௌபதிக்கு ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். பயம் வரவில்லை. இதுதானா என்று இருந்தது. மகனை வாங்கிக்கொண்ட கடல் இது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யார் வீட்டுச் செய்தியையோ படிப்பதுபோல் இருந்தது.

ஒரு நாள் காலை, பலகாரம் முடிந்த நேரம், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தீவு வந்துவிட்டது என்று அவளுக்கே புரிந்தது. காமெராவும் தொப்பியுமாக எல்லோரும் ஓடினார்கள். தசரதன் தலையைத் தூக்கி, "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்றார். அவள் ஓடவில்லை. வலப்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். எதிரே கடல். வெறும் கடல். கப்பல் மெதுவாகத் திரும்புவது காலடியில் தெரிந்தது. இதோ வரும், இதோ வரும் என்று நின்றாள். அந்தப் பக்கத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

கையில் துண்டுகளோடு வந்த சுப்பிரமணி அவளைப் பார்த்து நின்றார்.

"இங்க நின்னு என்னத்தம்மா பாக்கீய? தீவு அந்தப் பக்கம்லா தெரியுது."

"சுத்தும்போது இந்தப் பக்கம் வருமில்ல?"

"வராதும்மா. சுத்தி முடிக்குத வரைக்கும் தீவு எடது கைப் பக்கம்தான். அப்படிப் போனாத்தான் நீரோட்டம் தோது. நான் இந்தக் கப்பலுக்கு வந்த நாள்ல இருந்து இப்படித்தான்."

திரௌபதி கப்பலைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போனாள். கூட்டத்தில் யாரோ வழிவிட்டார்கள். தீவு தெரிந்தது. பெரிய கோயிலின் மதிலுக்குள் வைத்தால் அடங்கிவிடும். வெள்ளை மணல், முழங்கால் உயரத்துக்குப் புதர், ஆயிரக்கணக்கில் பறவைகள். மரம் இல்லை. குடிசை இல்லை. புகை இல்லை. ஒரு மனிதன் ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை. அவள் விடவில்லை. ஒவ்வொரு புதராகப் பார்த்தாள். பறவைகளைத்தான் பார்த்தாள்.

கப்பல் நகர்ந்தது. தீவு கப்பலின் இடது கைப் பக்கமாகவே திரும்பிக்கொண்டு வந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இடமாகச் சுற்றுவது எதை என்று அவளுக்குத் தெரியாதா? அப்பா செத்துக் கிடந்தபோது வீட்டுப் பெண்களோடு அப்படிச் சுற்றித்தான் வாய்க்கரிசி போட்டாள். மாமியாருக்கும் அப்படித்தான். உலகத்தில் வேறு எதையும் அவள் இடமாகச் சுற்றியதில்லை.

"திருப்பி அந்தப் பக்கமா ஒரு சுத்து போகச் சொல்லுங்களேன்," என்றாள், பின்னாலேயே வந்திருந்த சுப்பிரமணியிடம். அவர் துண்டுகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அப்படிப் போனா நீரோட்டம் பாறையில தள்ளிரும்மா," என்றார்.

சுற்று முடிந்தது. ஜனங்கள் கலைந்து காபி குடிக்கப் போனார்கள். தசரதன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் நின்றார். தீவு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

திரௌபதி சொன்னாள்: "ஏங்க, ஊருக்குப் போனதும் அர்ஜுனன் கிட்ட சொல்லிடுங்க. இந்த அமாவாசைக்கே காரியத்த முடிச்சிடலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் இந்த மனுஷர் இத்தனை வருஷம் காத்திருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் தலையை ஆட்டுவார் என்று பார்த்தாள். ஆட்டவில்லை.

"இல்ல," என்றார். "அவனுக்கு நீச்சல் தெரியும் திரௌபதி. கெணத்துல எறக்கி நான்தானே கத்துக்குடுத்தேன். எவ்ளோ நேரம் வேணாலும் மெதப்பான்."

இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லும் வேலையை அவள் பார்த்துக்கொண்டாள். அந்தத் தைரியத்தில்தான் வருஷா வருஷம் செய்துவிடலாம், செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை.

அப்போது அவளுக்கு வலித்தது. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது முதலில் குத்துமே, அதுபோல் நெஞ்சில் குத்தி, அப்புறம் உடம்பு முழுக்க வலித்தது. "ஐயோ, எம்புள்ள" என்று கத்தினாள். காபிக் கோப்பையோடு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தசரதனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் அவளைத் தாங்கிக்கொண்டு, கண்ணைத் தீவிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "கண்டக்டர் கிட்ட... கேப்டன் கிட்ட கேளேன். இன்னும் ஒரே ஒரு சுத்து. எந்தப் பக்கமா வேணா இருக்கட்டும்."