கடலில் நிறுத்திய கதவு

அம்மாவை நம்பிக் கும்பிடுகிற என் சொந்தங்களே,

குடத்துக்குள் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. எங்கள் நான்கு பேருக்கும் குடிக்க ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் கடல். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பாய்மரம் முறிந்துவிட்டது. துடுப்புகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. என் தங்கையின் புருஷன் படகின் அடியில் சுருண்டு கிடந்தான். அவனைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருகிறேன் என்று தங்கையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அப்படி ஒரு கலக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. அந்த இடத்தில் நம் தேவதானப்பட்டி காமாட்சியம்மா எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். அதனால் எழுதுகிறேன்.

இது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். பிறந்தது தேவதானப்பட்டி என்றாலும் எனக்குப் பிழைப்பு கம்பத்தில். ஏலக்காய் வியாபாரம். என்னோடு கூட்டாக வியாபாரம் செய்தவர் கம்பம் மீரான் ராவுத்தர். நிதானமான மனிதர். நான் கத்தித் தீர்க்கிற விஷயத்தை அவர் வெற்றிலை மென்றபடி முடித்துவிடுவார். எங்கள் சரக்கு குமுளி வழியாக மலை இறங்கி ஆலப்புழைக்குப் போகும். அங்கே வர்க்கி முதலாளி என்று ஒரு கயிறு வியாபாரி ராவுத்தருக்கு நெடுநாள் சிநேகம். அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்ப்படகு உண்டு. வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்த்து அவரும் உருளை வைத்த நீளத் தூண்டில் வாங்கி வைத்திருந்தார். ஓய்வு கிடைத்தால் கடலுக்குள் போய், நாம் வஞ்சிரம் என்கிற நெய்மீன் பிடிப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். "அடுத்த தடவை வரும்போது சிநேகிதன்மாரையும் கூட்டி வா, கடல் காட்டித் தரேன்" என்று ராவுத்தரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இது என் மாப்பிள்ளை பெருமாள் காதில் விழுந்தது. பெருமாளுக்கு ஊர் வருசநாடு. என் தங்கை செல்லம்மாவைக் கட்டியவன். நல்ல உழைப்பாளி, ஆனால் மீன் என்றால் ஏர் பூட்டிய மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். அவன் பிடித்ததெல்லாம் ஆற்று மடுவில் கிடக்கும் விரால். கடல் மீன் பிடிக்க வேண்டும் என்று என்னை நச்சரித்து எடுத்துவிட்டான்.

செல்லம்மாவுக்கு இஷ்டமில்லை. "ஏண்ணே, ஆத்துல பிடிக்கிறது பத்தாதா இவுகளுக்கு? கடலைக் கண்ணால பாத்தவுக நம்ம குடும்பத்துல யாரு இருக்காக?" என்றாள்.

"நான் கூட இருக்கேன்ல ஆத்தா. அழைச்சுட்டுப் போற மாதிரியே அழைச்சுட்டு வந்து விடுறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைதான் பின்னால் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

விடியற்காலையில் ஆலப்புழையிலிருந்து புறப்பட்டோம். வர்க்கி முதலாளியே படகைச் செலுத்தினார். அவ்வளவு அமைதியான கடல். வெயில் ஏறும்போது முதல் நெய்மீன் தூண்டிலில் மாட்டியது. உருளை சுழன்ற வேகத்தைப் பார்த்துப் பெருமாள் போட்ட கூச்சலில் ராவுத்தர் வெற்றிலைப் பெட்டியைத் தவறவிட்டார். மாற்றி மாற்றி இழுத்து மீனைப் படகுக்குள் போட்டபோது பெருமாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். நாங்களும் சிரித்தோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

மத்தியானம் தாண்டியதும் கிழக்கே மலைப் பக்கம் கருத்தது. ஐப்பசி மழை அந்தப் பக்கத்தில் இடியோடு மலையிலிருந்துதான் இறங்கும். வர்க்கி முதலாளி பாயை இறக்கப் போனார். அதற்குள் காற்று வந்துவிட்டது. பாய்மரம் அடிக்கட்டையை மட்டும் விட்டுவிட்டு முறிந்து தண்ணீரில் விழுந்து போனது. பாயை மட்டும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினோம். ஓர் அலை படகுக்குள் ஏறி இறங்கியபோது துடுப்புகளும் நெய்மீனும் போயின. காற்று எங்களை மேற்கே தள்ளிக்கொண்டே போனது. நாங்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம். மழை நின்று பார்த்தால் கரை இல்லை.

வர்க்கி முதலாளி மூச்சு வாங்க உட்கார்ந்து, "எல்லாரும் கொறச்சு வெள்ளம் குடிங்க. நாளைக்கு யாரெங்கிலும் வராம இருக்க மாட்டாங்க" என்று குடிதண்ணீர்க் குடத்தை எடுத்தார். படகின் முன்பக்கத்தில் பலகையடியில் கட்டி வைத்திருந்த செப்புக் குடம் அது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"எந்தா இது? உள்ளே மீனா?"

பெருமாள் முன்னால் வந்தான். "நான்தான் மொதலாளி போட்டேன். காலையில குட்டி மீனு கொஞ்சம் மாட்டுச்சு. உசுரோட கொண்டு போகலாம்னு குடத்துல கடத்தண்ணிய மொண்டு விட்டேன்."

"குடத்திலே இருந்த நல்ல வெள்ளம்?"

"அதைக் கொட்டிட்டேன்."

வருசநாட்டில் மீன் பிடிப்பவர்கள் யாரும் செத்த மீனை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். குடத்தில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு விராலை அதில் நீந்த விட்டுத்தான் தூக்கி வருவார்கள். தாகம் எடுத்தால் குனிந்து ஆற்றிலேயே அள்ளிக் குடிப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டு போகிற பழக்கமே எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கே போனாலும் வாய்க்கால் கூடவே வரும். பெருமாளுக்குக் கடலும் ஒரு பெரிய ஆறுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ராவுத்தர் என் கையைப் பிடித்தார். "விடுங்க பழனிச்சாமி. அவன் வேணும்னா செஞ்சான்? நம்மளும் கூடத்தான் இருந்தோம். நம்ம யாரு பாத்தோம்?" என்றார். அது உண்மைதான். நான் கையை இறக்கிக்கொண்டேன். ஈர வேட்டியைப் பிழிந்து பார்த்தோம். எல்லாம் உப்பு.

இரவு எப்படியோ கழிந்தது. விடிந்தபோது பெருமாள் செய்த காரியம் இன்னும் மோசம். தன்னால்தானே எல்லாருக்கும் இந்தக் கதி என்று மனம் உடைந்து, நாங்கள் அசந்த நேரத்தில் கடல் தண்ணீரை அள்ளி வயிறு முட்டக் குடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து எடுத்துக் கண் செருகிவிட்டது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. "மச்சான், செல்லம்மாகிட்ட சொல்லிருங்க" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

அந்தக் காலையில் வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது. கிழக்கே, தண்ணீருக்கு மேல், மெல்லிய நீலக் கோடாக மலை தெரிந்தது. வர்க்கி முதலாளி அதைக் காட்டி, "அது சஹ்யமலை. அதுக்கு அப்புறம் உங்க ஊரு" என்றார். பிறந்த நாள் முதல் நான் மேற்கே பார்த்துக் கும்பிட்ட மலையின் முதுகு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராவுத்தர் மேற்கே பார்த்துத் தொழுதார். வர்க்கி முதலாளி கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் முணுமுணுத்தார். நான் கிழக்கே திரும்பிக் கை கூப்பினேன். எனக்குக் கும்பிட வரவில்லை.

உங்களுக்குத் தெரியும். நம் அம்மாவின் சந்நிதிக் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை, அடைத்த கதவுக்குத்தான் கற்பூரம். சின்ன வயதிலிருந்து அந்தக் கதவைப் பார்த்துத்தான் என் குறைகளைச் சொல்லி வந்தேன். கடலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் திறந்து கிடந்தது. எங்கே பார்த்துப் பேசுவது?

படகில் உட்காரும் பலகை ஒன்று கழன்று கிடந்தது. அதை எடுத்து எனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் அது விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

"எந்தினா பலகை?" என்று வர்க்கி முதலாளி கேட்டார்.

"எங்க அம்மா கதவுக்கு அங்கிட்டு இருக்கா மொதலாளி. கதவு இல்லாம எனக்குக் கும்பிட வரலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு, அதை விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெடித்த உதட்டோடு அந்த மனிதர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நான் பலகையில் நெற்றியை வைத்தேன். "அம்மா, கதவைத் திறக்கச் சொல்லிக் கேக்கலை. அது உன் இஷ்டம். உள்ள இருந்தபடியே கேட்டுக்க. மஞ்சளாத்து வெள்ளத்துல மூங்கில் பெட்டியில மிதந்து வந்தவ நீ. தண்ணியில மிதக்குறவன் பாடு உனக்குத் தெரியாதா? செல்லம்மா புருஷனைச் செல்லம்மாகிட்ட சேத்துரு." இவ்வளவுதான் சொன்னேன். திரும்பத் திரும்ப இதையே சொன்னேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அடியில் கிடந்த பெருமாள் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"மச்சான், யாரோ தட்டுறாக."

காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று நினைத்து அவன் தலையைத் தடவினேன்.

"கேக்கலையா? தட்டுறாக மச்சான்."

அவன் காது படகின் பலகையோடு ஒட்டியிருந்தது. நானும் குனிந்து காதை வைத்தேன். டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டொக் என்றது. ராவுத்தர் எழுந்து விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"பழனிச்சாமி! மூங்கி!" என்று அலறினார். அவர் அலறி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

நீளமான மூங்கில் மரங்கள், காட்டுக் கொடியால் சேர்த்துக் கட்டியவை, படகோடு உரசி உரசித் தட்டிக்கொண்டிருந்தன. மலையில் மூங்கில் வெட்டித் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள், மழை வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு கடலுக்கு வந்திருக்கும் என்று வர்க்கி முதலாளி சொன்னார். இருக்கலாம். அவ்வளவு பெரிய கடலில் அது எங்கள் படகைத் தேடி வந்து தட்டியதற்கு அவரிடமும் விளக்கம் இல்லை.

மூங்கில் கைக்கு வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட்டே வளர்ந்த கைகள். இருந்ததில் தடித்ததை எடுத்து, முறிந்த பாய்மரத்தின் அடிக்கட்டையோடு சேர்த்துக் கொடியாலும் கயிற்றாலும் இறுக்கிக் கட்டினோம். இன்னொன்றைக் குறுக்கே கட்டிப் பாயை ஏற்றினோம். அதுவரை எங்கிருந்தது என்று தெரியாத காற்று வெயில் ஏறியதும் கடலிலிருந்து கரையைப் பார்த்து வீச ஆரம்பித்தது. பாய் புடைத்தது. ராவுத்தர் "அல்லா" என்றார். வர்க்கி முதலாளி "மாதாவே" என்றார். நான் "அம்மா" என்றேன். அவரவர் சொல்லட்டும். மூங்கிலில் வந்தவள் மூங்கிலையே அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி நான் யாரோடும் வாதாடவில்லை. வாதாட நாக்கில் ஈரமும் இல்லை.

பொழுது சாயும் முன் ஆலப்புழைக்குத் தெற்கே ஒரு மீனவக் குடியிருப்பில் கரை ஏறினோம். ஒரு பெண் மண்பானையில் தண்ணீர் கொண்டுவந்தாள். பெருமாளைத் தாங்கிப் பிடித்து முதலில் அவன் வாயருகே கொண்டு போனேன். அவன் கையால் தள்ளினான். "நீங்க மூணு பேரும் குடிங்க. நான் கடைசியாக் குடிக்கிறேன்" என்றான். அடிக்கக் கை ஓங்கினவன் நான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வர்க்கி முதலாளி அந்தப் பாய்மர மூங்கிலை ஆள் உயரத்துக்கு வெட்டி எங்களிடம் கொடுத்தார். பஸ் கூரையில் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். செல்லம்மா அவனைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு அப்போது குடத்துக் கதையே தெரியாது. பெருமாள் சொம்பை வாங்கிக்கொண்டு விம்மினான்.

அதற்கப்புறம் நான் மாறிவிட்டேன். எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குகிற புத்தி போய்விட்டது. யார் எந்தச் சாமியை எந்தத் திசை பார்த்துக் கும்பிட்டாலும், அவர்கள் பலகை விழாமல் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெருமாள் கடலுக்கு மறுபடி போகவில்லை. ஒவ்வொரு மாசித் திருவிழாவுக்கும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தேவதானப்பட்டிக்கு வந்து, கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறான். பந்தலின் முன்கால் அந்த மூங்கில்தான். பானைகளை வருஷம் தவறாமல் ராவுத்தர் கம்பத்திலிருந்து அனுப்பி வைக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் நோயோடும் கவலையோடும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். இன்னும் திறக்கவில்லையே, நம் குரல் உள்ளே போயிருக்குமா என்று நினைத்திருப்பீர்கள். நானும் நடுக்கடலில் அப்படித்தான் நின்றேன். சந்தேகம் வந்தால் வாருங்கள். முதலில் பந்தலில் உட்கார்ந்து பெருமாள் கையால் ஒரு குவளை வாங்கிக் குடியுங்கள். நல்ல தண்ணீர்தானா என்று மட்டும் அவனைக் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் மீன் கதையை முழுக்கச் சொல்லாமல் விடமாட்டான். குடித்துவிட்டு அந்த மூங்கிலை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அப்புறம் போய்க் கதவுக்கு முன்னால் நின்று உங்கள் குறையைச் சொல்லுங்கள். நாம்தான் எப்போதும் வெளியே நின்று தட்டுகிறோம் என்று நினைக்கிறோம். எங்களுக்கு அவள் தட்டினாள்.